கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

நான்கு பேரும் ஒன்பதாம் வகுப்பிலிருந்து நண்பர்கள். மற்ற மூவருக்கும் பட்டப்பெயர் வைத்தது நெட்டைதான். ரசாயனத் தொழிற்சாலையில் பராமரிப்பு மேற்பார்வை பார்ப்பவன் வால்வு. ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருப்பவன் மைக்கு. வால்வு வேலை பார்க்கும் அதே தொழிற்சாலையின் மருத்துவ அறையில் நர்ஸாக இருப்பவள் ஊசி. நெட்டைக்கு மட்டும் யாரும் யோசித்துப் பெயர் வைக்க வேண்டியிருக்கவில்லை. வாசல்படியில் குனிந்து நுழைகிறவனுக்கு வேறு என்ன பெயர் வரும்?

நெட்டைக்குக் குரல்தான் சோறு போட்டது. விளம்பரம், டப்பிங், பேருந்து நிலைய அறிவிப்பு என்று எது கிடைத்தாலும் பேசுவான். அவன் பேச ஆரம்பித்தால் தூங்கி வழிகிறவர்கூட நிமிர்ந்து உட்காருவார். ஒரு வருடமாக அந்த வேலையும் அருகிப்போயிருந்தது. "ஊருக்கே காது அடைச்சுக்கிச்சு போல" என்று சொல்லிச் சிரிப்பானே தவிர, யாரிடமும் புலம்பியதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நால்வரும் மைக்குவின் கூடத்தில் சேர்ந்து பார்வையற்றோர் நூலகத்துக்காகக் கதைகள் வாசித்துப் பதிவு செய்வார்கள். ஊசியின் கணவர் இறந்த புதிதில், அவளை வீட்டைவிட்டு வெளியே இழுத்து வர நெட்டை செய்த ஏற்பாடு அது. வெளியூர் விடுதியில் படிக்கும் மகளைத் தவிர அவளுக்கு வேறு யாரும் இல்லை. அதனால் அந்த ஞாயிறுகளில் ஒன்றைக்கூட அவள் விட்டதே இல்லை.

கூடம் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. தெருவிலிருந்து படி இறங்கினால் முதலில் கருவிகள் இருக்கும் அறை. அதற்குள் ஒரு கனத்த கதவைத் தாண்டினால் பேசும் அறை. சுவரெல்லாம் கறுப்பு ஸ்பாஞ்சு. இரண்டு அறைக்கும் நடுவே ஆள் உயரத்துக்குத் தடித்த கண்ணாடி. கதவைச் சாத்திவிட்டால் உள்ளே ஈ பறந்தால்கூடக் கேட்கும். வெளியே இடி விழுந்தாலும் கேட்காது.

அன்று முற்பகலில் பாதிக் கதை பதிவானதும் நெட்டை டீ வாங்கி வரக் கிளம்பினான். "சர்க்கரை யாருக்குக் கம்மி? யாருக்கும் இல்லையா? நல்லது, எல்லாரும் சேந்தே சாவோம்" என்று சொல்லிவிட்டு பிளாஸ்கை எடுத்துக்கொண்டு போனான்.

அவன் போன கொஞ்ச நேரத்தில் வால்வுக்குப் போன் வந்தது. கருவி அறையில் நின்று பேசியவனின் முகம் கண்ணாடி வழியே வெளுப்பதை ஊசி பார்த்தாள். அவன் உள்ளே ஓடிவந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டான்.

"கம்பெனியில மூணாவது டாங்க் போயிருச்சு, கேஸ் கசியுது. காத்து ஊரப் பாத்து அடிக்குதாம். டேப் எங்க? அந்த ஏசி குழாய அடை. துணி குடு, ஏதாவது துணி குடு."

யாரும் கேள்வி கேட்கவில்லை. மைக்கு அகலமான டேப்பை எடுத்துக் கதவின் நான்கு விளிம்பிலும் ஒட்டினான். ஊசி தன் துப்பட்டாவைத் தண்ணீரில் நனைத்துக் காற்றுக் குழாயின் வாயில் திணித்தாள். வேலை முடிந்து மூவரும் மூச்சு வாங்கி நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது.

"நெட்டை வெளிய இருக்கான்டா."

மைக்கு போனை எடுத்துப் பார்த்தான். உள் அறையில் எப்போதுமே சிக்னல் கிடையாது.

அதற்குள் நெட்டையே படி இறங்கி வந்துவிட்டான். பிளாஸ்கையும் பேப்பர் கப்புகளையும் மேசைமேல் வைத்தான். கதவைத் தள்ளிப் பார்த்தான். கண்ணாடி வழியே டேப்பைப் பார்த்து, இதென்னடா புதுக் கூத்து என்பதுபோலக் கையை விரித்தான். பிறகு மேசையிலிருந்த பேச்சுப் பட்டனை அழுத்தினான். உள்ளே சுவரிலிருந்த சின்ன ஸ்பீக்கரில் அவன் குரல் வந்தது.

"என்னடா, என்னை வெச்சு ஏதாவது விளையாட்டா?"

வால்வு பதிவு மைக்கின் முன்னால் போய் நின்று விஷயத்தைச் சொன்னான். டாங்க், காற்று, வாசனையே இல்லாத கனமான வாயு. நெட்டை கேட்டுக்கொண்டான்.

"உங்க கம்பெனிச் சங்கு சத்தம் ஒண்ணும் கேக்கலையே. தெருவுல எல்லாரும் சாதாரணமாத்தான் போறாங்க வராங்க. சரி, கதவத் திற. வந்துடறேன்."

"திறக்க முடியாதுடா."

"ஒரு ஆள் நுழையிற அளவுக்குத் திறந்து மூடு. உடனே ஒட்டிக்கலாம்."

"இரு, யோசிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு வால்வு திரும்பினான்.

நெட்டை பட்டனிலிருந்து கையை எடுத்துவிட்டு, மைக்கு வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தான். மூவரும் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி மூலையில் நெருங்கி நின்றார்கள்.

"இதுல யோசிக்க என்னடா இருக்கு? திற" என்றாள் ஊசி.

"உனக்குப் புரியல. அந்த அறைக்குள்ள ஏற்கனவே இறங்கியிருக்கலாம். மொதல்ல ஒண்ணும் தெரியாது. நுரையீரல்ல நீர் கோத்த பிறகுதான் தெரியும். நீ நர்ஸ்தானே, உனக்கு நான் சொல்லணுமா?"

"அவன் நல்லாத்தானே உக்காந்திருக்கான். சங்கு ஏன் ஊதல? மாசாமாசம் ஒத்திகைன்னு ஊதி உயிரை எடுப்பீங்களே, இன்னிக்கு ஏன் ஊதல?"

வால்வு சுவரைப் பார்த்தான்.

"கேக்கிறேன்ல?"

"கழட்டி வெச்சிருக்கு" என்றான் அவன். "சென்சார் சும்மா சும்மா அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அடிச்சா உற்பத்திய நிறுத்தணும். நிறுத்தினா மேல இருக்கிறவன் என் மேல விழுந்து பிடுங்குவான். புதுசு வர்ற வரைக்கும்னு நான்தான் வயரப் பிடுங்கினேன். புதுசு வரவே இல்ல."

"சும்மா அடிக்கலடா அது. கசிஞ்சதுனால அடிச்சிருக்கு."

"அது இப்பத் தெரியுது." என்றான் வால்வு. "காலையில நெட்டை போன் பண்ணான். மொட்டை மாடியில புறா எல்லாம் செத்துக் கிடக்கு, கண்ணு எரியுது, உங்க கம்பெனியில என்னன்னு பாருன்னான். நான் பூனை கடிச்சிருக்கும், போய்க் கண்ணக் கழுவுன்னேன். படுக்கையவிட்டு எந்திரிக்கல நான்."

நெட்டையின் வீடு தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த தெருவில்.

"அடப்பாவி" என்றான் மைக்கு. அவள் பக்கம் திரும்பினான். "நீயும் அங்கதானே இருக்க? உனக்கு எந்தத் துப்பும் தெரியாதா?"

இல்லை என்று சொல்லத்தான் அவள் வாய் திறந்தாள். ஆனால் வந்தது வேறு. "கொஞ்ச நாளாவே ஆளுங்க கண்ணு செவந்து வந்தாங்க. இருமல், நெஞ்செரிச்சல். தூசி அலர்ஜின்னு எழுதுங்க சிஸ்டர்னு மேனேஜர் சொன்னார். எழுதினேன். சொட்டு மருந்து குடுத்து அனுப்பினேன்."

"தெரிஞ்சேவா?"

"தெரியும்னு சொல்ல முடியாது. தெரிஞ்சுக்கக் கூடாதுன்னு இருந்தேன். அந்த வேலையும் போனா எம் பொண்ணு படிப்பு என்ன ஆகும்?"

மைக்கு மெதுவாகச் சொன்னான். "எப்படியும் இப்ப உள்ள விட்டா, இந்த அறைக்குள்ள நாம நாலு பேர். அவனுக்குத் தெரிஞ்சா நம்மள உரிச்சு எடுத்துடுவான். விஷயம் அடங்கட்டும்."

"உனக்கு என்னடா பயம்?" என்று வால்வு சீறினான். "நான்தானே வயரப் பிடுங்கினவன்? ஓ, அது வேறயோ. அவன் குரல வித்தியே, அதக் கேட்டுடுவான்னா?"

ஊசி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எதை வித்தான்?"

மைக்குவின் காது சிவந்தது. "வாயை மூடுடா."

"நான் ஏன் மூடணும்? குடிச்சிட்டு என்கிட்ட அழுதவன்தானே நீ? இந்த ஞாயித்துக்கிழமைப் பதிவையெல்லாம் அப்படியே தூக்கி ஒரு கம்பெனிக்குக் குடுத்துட்டான், ஊசி. இப்ப மெஷின் பேசுது, நெட்டை குரல்ல. அவனுக்கு ஏன் வேலை வரல? மெஷின் டீ கேக்காது, சம்பளம் கேக்காது. அதான்."

"நான் இல்லன்னா இன்னொருத்தன் குடுத்திருப்பான்" என்றான் மைக்கு.

அப்போது ஸ்பீக்கர் கரகரத்தது.

"மைக் எல்லாம் ஆன்லதான் இருக்கு" என்றது நெட்டையின் குரல். "நீங்க எச்சில் முழுங்கறதுகூட இங்க கேக்குது."

மூவரும் திரும்பினார்கள். நெட்டை நாற்காலியில் முன்புறம் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஒரு கை பட்டனில். மறு கையில் டீ. பதிவுக்காகக் காலையில் போட்ட மைக்குகளை யாருமே அணைக்கவில்லை. ஒலிப்பதிவையே தொழிலாகக் கொண்ட மைக்குவுக்குக்கூட அது நினைவில் இல்லை.

"புறாவைப் பூனை கடிக்கலடா" என்றான் நெட்டை வால்வைப் பார்த்து. கோபமாகச் சொல்லவில்லை. "ஒரு கீறல் இல்ல அதுங்க உடம்புல. காலையிலயே சொன்னேன்."

வால்வு உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"மைக்கு, உன் விஷயம் எனக்குத் தெரியும். ஒரு நாள் வங்கிக்குப் போன் போட்டேன். தயவுசெய்து காத்திருக்கவும்னு என் குரல்லயே எனக்குப் பதில் வந்துச்சு. நான் இத எப்படா பேசினேன்னு ரெண்டு நாள் மண்டையப் போட்டு உடைச்சுக்கிட்டேன். அப்புறம் புரிஞ்சுது. நீயே வாயத் திறந்து சொல்லுவேன்னுதான் வாராவாரம் வந்து உக்காந்தேன். நீயும் வாராவாரம் மைக்க சரி பண்ணி வெச்ச."

மைக்கு எதையோ சொல்ல வந்தான். நெட்டை கண்ணை அவனிடமிருந்து எடுத்துவிட்டான்.

"ஊசி. நீயாவது திற."

அவள் கதவருகே போனாள். டேப்பின் முனையை நகத்தால் கிளப்பினாள். ஒரு முழம் நீளத்துக்கு அது உரிந்து வந்தது. வால்வு அவள் கையைப் பிடிக்கவில்லை. பக்கத்தில்கூட வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே, "உம் பொண்ண நெனச்சுக்கோ" என்றான்.

அவள் கை நின்றது.

பிற்பாடு பலமுறை அவள் அந்த இடத்துக்கே திரும்பத் திரும்பப் போய் நின்றிருக்கிறாள். யாரும் தடுக்கவில்லை. தாழ் அவள் இடுப்பு உயரத்தில், கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. மகளின் முகம் அந்த நேரத்தில் கண்ணுக்குள் வந்ததா என்றால், அதுகூட இல்லை. பயம் மட்டும்தான் இருந்தது. மகள் பெயர் அந்தப் பயத்துக்கு ஒரு நல்ல சாக்காக வந்து சேர்ந்தது. உரித்த டேப்பை மறுபடி கதவோடு சேர்த்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள்.

நெட்டை பார்த்துக்கொண்டிருந்தான். டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தான். கடைசியாக ஒருமுறை பட்டனை அழுத்தினான்.

"கனமான வாயுன்னு நீதானே வால்வு சொன்ன? கனமா இருந்தா கீழதானே தங்கும்? அப்ப பள்ளத்துக்குள்ள உக்காந்துக்கிட்டு என்னடா பண்றீங்க? மேல வந்துடுங்க. நான் மாடிக்குப் போறேன். வழியில இருக்கிறவங்களையும் கூட்டிக்கிட்டுப் போறேன்."

அவர்கள் அசையவில்லை. அவன் படியேறிப் போனான்.

அதன்பிறகு அந்த அறையில் என்ன நடந்தது என்று சொல்ல அதிகமில்லை. மூவரும் ஆளுக்கொரு சுவரோரம் உட்கார்ந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மைக்குகள் அணையாமல் இருப்பது இப்போது எல்லோருக்கும் ஞாபகம் இருந்ததால் யாரும் வாய் திறக்கவில்லை, கேட்பதற்கு அந்தப் பக்கம் ஆள் இல்லாதபோதும். அடைத்த அறையில் காற்று கெட்டுக்கொண்டே வந்தது. ஊசிக்குத் தலை விண்விண்ணென்று தெறித்தது. மைக்கு ஒரு மூலையில் வாந்தி எடுத்தான். வாயு உள்ளே வந்துவிட்டது என்று அழ ஆரம்பித்தான். வாயு அல்ல, நம் மூச்சேதான் என்று அவளுக்குத் தெரிந்தது. சொல்லத் தோன்றவில்லை.

கடைசியில் மைக்குதான் பாய்ந்து போய் டேப்பைக் கிழித்தான். "என்னால முடியல, செத்தா வெளிய போய்ச் சாகுறேன்" என்று தாழை இழுத்தான். கதவு திறந்ததும் அவனை இடித்துத் தள்ளிக்கொண்டு முதலில் வெளியே ஓடியவன் வால்வு.

வெளியே நல்ல வெயில். தெருவில் யாரும் இல்லை. எதுவும் ஆகவில்லை. மூவரும் நடைபாதையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நீரிலிருந்து கரையேறியவர்கள்போல மூச்சை இழுத்தார்கள். மேலே மொட்டை மாடிச் சுவரோரம் வரிசையாகத் தலைகள் தெரிந்தன. யாரோ கீழே பார்த்துக் கூப்பிட்டார்கள்.

கட்டடத்துக் காவலாளி இறங்கி வந்தார். "நீங்க உள்ளயா சார் இருந்தீங்க? உங்ககூட வருவாரே, உசரமா, அவருதான் வீடு வீடாத் தட்டி எல்லாரையும் மேல ஏத்தினாரு. முதல் மாடியில படுத்த படுக்கையா ஒரு பெரியவர், அவரத் தோள்ல போட்டுத் தூக்கிட்டுப் போனாரு. அப்புறம் தெரு முழுக்கக் கத்திக்கிட்டே போனாரு. என்ன குரல் சார் அது. மூணாவது தெருவரைக்கும் கேட்டுச்சு."

"இப்ப எங்க அவன்?" என்று ஊசி கேட்டாள்.

"காத்து திரும்பிருச்சுன்னு தெரிஞ்சதும் அவங்க வீட்டுப் பக்கம் ஓடினாரும்மா. அங்கதான் நெறையப் பேர் விழுந்து கிடக்காங்களாம்."

அப்படித்தான் ஆகியிருந்தது. காற்று நகரத்தை விட்டுவிட்டுத் திரும்பி, தொழிற்சாலைக்குப் பின்னாலிருந்த தெருக்களில் போய்த் தங்கியது. ஞாயிற்றுக்கிழமை என்று அசந்து படுத்திருந்தவர்கள் அப்படியே செத்துக் கிடந்தார்கள். நெட்டையின் பக்கத்து வீட்டில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். அவர்களைத் தூக்கி வண்டியில் ஏற்றியவர்களில் அவனும் ஒருவன். காலையில் அவன் செய்த போனை யாராவது மதித்திருந்தால் தெருவையே காலி செய்திருக்கலாம்.

ஊசி அவனுக்குப் பலமுறை போன் செய்தாள். அவன் எடுக்கவில்லை. ஒருமுறை எடுத்து, "இப்ப வேணாம்" என்றான். அவ்வளவுதான்.

விசாரணை தொடங்கியது. சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. தெரிந்தவர்கள் வரலாம் என்றார்கள். ஊசி போனாள். மேனேஜர் கூப்பிட்டுப் பேசிய பிறகும் போனாள். போகாமல் இருந்தால் தூங்க முடியாது என்று நினைத்தாள். போன பிறகும் தூங்க முடியவில்லை என்பது வேறு விஷயம்.

விசாரணை அறைக்கு வெளியே நீளமான பெஞ்சில் நெட்டை உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டான். அவள் உட்கார்ந்தாள். மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது.

"நான் எல்லாத்தையும் சொல்லப்போறேன்" என்றாள். "வால்வு வயரப் பிடுங்கினதையும், நான் அலர்ஜின்னு எழுதினதையும்."

"சொல்லு."

"நெட்டை, அன்னிக்கு நான்..."

"அவனுங்க ரெண்டு பேரையும் நான் எதிர்பார்க்கல" என்றான் அவன், எதிர்ச் சுவரைப் பார்த்தபடியே. "உன்ன எதிர்பார்த்தேன். நீ டேப்பை உரிக்காம இருந்திருந்தாக்கூட இவ்வளவு வலிச்சிருக்காது. உரிச்சு, திரும்ப ஒட்டின பாரு. நல்லா அழுத்தி ஒட்டின."

அவள் தன் கட்டைவிரலைப் பார்த்தாள்.

"செத்துடுவேன்னு எனக்குப் பயமே வரல. டீ ஆறிடுமேன்னுகூட நெனச்சேன். நீ ஒட்டினப்புறம்தான் பயம் வந்துச்சு." உள்ளேயிருந்து அவனை அழைத்தார்கள். எழுந்து சட்டையை இழுத்து விட்டுக்கொண்டான். "நல்லா இரு" என்றான். அதைச் சாபமாகவும் சொல்லவில்லை, வாழ்த்தாகவும் சொல்லவில்லை.

விசாரணையின் முடிவில் எல்லாம் வால்வின் தலையில் விடிந்தது. வயரைப் பிடுங்கியது அவன் கை. பிடுங்கச் சொல்லிக் கத்திய வாய்கள் எல்லாம் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன்களாகப் போய்விட்டன. தனக்கு எந்த உத்தரவும் நினைவில்லை என்று மேனேஜர் சொன்னார். வால்வு சிறைக்குப் போனான். ஊசியின் வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. மைக்கு அடித்தளத்தைக் காலி செய்துவிட்டு வேறு தெருவில், மேல்மாடியில் கூடம் போட்டான். நெட்டை ஊரைவிட்டே போய்விட்டான். எங்கே என்று மூவரில் யாருக்கும் தெரியாது.

ஒரு நாள் மாலை ஊசியின் வீட்டு அழைப்புமணி அடித்தது. வால்வின் மனைவி நின்றிருந்தாள். கையில் குழந்தை. இளைத்துப் போயிருந்தாள்.

"உள்ள வாம்மா" என்றாள் ஊசி.

அவள் அசையவில்லை. "ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்க்கா. அன்னிக்கு அந்த அறைக்குள்ள நடந்தது எல்லாம் அவரு என்கிட்ட சொல்லிட்டாரு. அவரு பண்ணினது தப்புதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா உங்களுக்கு ஒரு கதவத் திறக்கத் தைரியம் வரல. எங்க வீட்டுக்காரரக் கைகாட்ட மட்டும் எங்கிருந்துக்கா தைரியம் வந்துச்சு?"

குழந்தை ஊசியைப் பார்த்துச் சிரித்தது. அவளிடம் பழகிய குழந்தைதான். பிறந்தபோது முதல் தடுப்பூசி போட்டதே அவள்.

"தெரியலம்மா" என்றாள்.

அந்தப் பெண் சற்று நேரம் காத்திருந்தாள், வேறு ஏதாவது வரும் என்பதுபோல. பிறகு குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

எதிர்வீட்டு அம்மாள் தலையை நீட்டினாள். "யாரு அது?"

"கூடப் படிச்சவனோட வீட்டுக்காரி."

"உள்ள கூப்பிடலையா?"

"கூப்பிட்டேன்" என்றாள் ஊசி. "வரல."